சீரியல்: எது கூலம், எது இனிப்பு?

கிண்ணத்தில் கொட்டிப் பால் ஊற்றிச் சாப்பிடும் செதில்களைச் ‘சீரியல்’ என்கிறோம். தொலைக்காட்சித் தொடரையும் தமிழில் இப்படியே எழுதுகிறோம். ஆனால் அது ‘வரிசை’ என்னும் பொருள்கொண்ட வேறொரு லத்தீன் சொல்லின் வழிவந்தது. உணவைக் குறிக்கும் சீரியல், ரோமானியரின் வேளாண் தெய்வமான செரஸின் பெயரில் பிறந்தது. ‘செரஸுக்கு உரியது’ என்பதே அதன் பொருள்.

வேளாண்மையில் இன்றும் நெல், கோதுமை, சோளம் போன்ற புல்லினத் தானியங்களுக்கே இது பெயர். காலையுணவு என்ற பொருள் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது. 1863இல் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் உருவாக்கிய ‘கிரானுலா’வை முந்தைய இரவே ஊறவைத்தால்தான் மெல்ல முடியும். ஜான் ஹார்வி கெல்லாக்கின் செதில்களும் மருத்துவ விடுதியில் தங்கியவர்களுக்கான சப்பென்ற உணவாகவே தொடங்கின. அவர் தம்பி வில் கெல்லாக் 1906இல் நிறுவனம் தொடங்கிச் சர்க்கரை சேர்த்து விற்றார். அண்ணன் அதை ஏற்கவில்லை. 1953இல் வந்த ‘சுகர் ஸ்மாக்ஸ்’ எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பிற்பாடு பெயரிலிருந்த ‘சுகர்’ போய் ‘ஹனி’ வந்தது. பெயர் மாறுவதைக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

தமிழில்? தானியம் வடசொல். நம் பழைய சொல் கூலம். மணிமேகலை பாடிய சாத்தனாரைக் ‘கூலவாணிகன்’ என்கிறோமே, அதே கூலம். பதினெண் கூலத்தில் பயறும் உளுந்தும்கூட அடங்குவதால், சீரியலுக்குப் ‘புல்லினக் கூலம்’ என்பதே துல்லியம். பெட்டியில் வரும் தித்திப்புக்கு ‘இனிப்பிட்ட கூலச் செதில்’ என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும். வெறும் கூலம் என்றால் அது உண்மையாகாது.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்களில் எடை மிகுந்தது முதலில் இருக்கும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன், மால்ட் சாறு என்று பிரிந்து கிடப்பவற்றை மனத்துக்குள் கூட்டிக்கொள்ளுங்கள். 100 கிராமில் சர்க்கரை 5 கிராம் வரை என்றால் குறைவு, 22.5 கிராமைத் தாண்டினால் மிகுதி என்பது பிரிட்டன் பொதிகளின் முகப்பில் பின்பற்றும் அளவுகோல்.

சர்க்கரை சேர்க்காத ஓட்ஸை வேகவைத்து, நறுக்கிய பழமும் கொஞ்சம் பாதாமும் போட்டுப் பாருங்கள். இனிப்பு பழத்திலிருந்து வரும், நார்ச்சத்தும் கூடவே வரும். அந்தக் கிண்ணத்தை நான் தயங்காமல் ‘கூலவுணவு’ என்பேன்.