பீடைகொல்லி

பயிருக்குத் தெளிப்பதைப் 'பூச்சிமருந்து' என்கிறோம், 'மருந்தடிச்சாச்சா?' என்று கேட்கிறோம். பழகிய பேச்சுதான், ஆனால் எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. மருந்து நோயைத் தீர்ப்பது. டப்பாவில் இருப்பது நஞ்சு. பதிவு, உரிமம், எச்சரிக்கைப் படம் என்று சட்டங்கள் இத்தனை கட்டுப்பாடு வைப்பது அதனால்தான். மருந்து என்று சொல்லிப் பழகியவருக்குக் கையுறை போடத் தோன்றுமா?

ஆங்கிலத்தில் இது பெஸ்டிசைடு. தமிழில் 'பீடைகொல்லி' என்பதே பொருத்தம் என்பேன். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பெஸ்டிஸ்' என்றால் கொள்ளைநோய். 'சைடு' என்பது வெட்டுதல், கொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. கொள்ளைநோயைக் குறித்த சொல் நாளடைவில் தொல்லை தரும் உயிர் எதற்கும் பெயராயிற்று. நம் 'பீடை'யும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். வடமொழியில் 'பீடா' துன்பம். 'பீடை ஒழிந்தது' என்று நாமே சொல்கிறோம். பயிரைப் பிடித்த துன்பமும் பீடை. இலங்கைத் தமிழில் பீடைகொல்லி, பீடைநாசினி இரண்டும் வழங்குகின்றன.

சரி, பூச்சிக்கொல்லி என்றால் போதாதா? போதாது. அது பூச்சிகளை மட்டும் கொல்லும் இன்செக்டிசைடுக்குப் பொருந்தும். பெஸ்டிசைடு பெரிய குடும்பம்: களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, எலிக்கொல்லி எல்லாம் அதில் அடக்கம். பாராகுவாட் ஒரு களைக்கொல்லி. உள்ளே போய்விட்டால் அதற்கென்று முறிமருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் அதன் அனுமதி ரத்தானது. விதிகளுக்குப் 'பூச்சிக்கொல்லி விதி' என்று பெயர் வைத்தால், களைக்கு அடிப்பவர் அது தனக்கில்லை என்று நினைக்க இடமுண்டு.

'கொல்லி' பழைய சொல். வள்ளுவர் சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறார் (குறள் 306). தன்னைச் சேர்ந்தவரையே கொல்லும் நெருப்பை அங்கே அப்படிச் சொல்கிறார். தெளிப்பானை முதுகில் சுமப்பவரை நினைத்தால் இந்தத் தொடர் இன்றைக்கும் பொருந்துகிறது. நஞ்சுக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான்.

அப்புறம், லேபிளில் இருக்கும் நிறப்பட்டை. உலக சுகாதார அமைப்பு 1975-இல் பீடைகொல்லிகளை ஆபத்தின் அளவுப்படி வகைப்படுத்தப் பரிந்துரைத்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவற்றில் பாதி சாகும் அளவு எவ்வளவு என்று கணக்கிடுவதே அதன் அடிப்படை. அதையொட்டி லேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை வழக்கில் இருக்கிறது. சிவப்பு மிகக் கொடியது. பச்சையைப் பார்த்ததும் 'பாதுகாப்பானது' என்று படித்துவிடுகிறோம். அந்த அளவு சொல்வது உடனடி நச்சுத்தன்மையை மட்டும்தான். பல ஆண்டுகள் சிறுகச் சிறுக உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும், தேனீக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தப் பட்டையில் இல்லை. அவற்றுக்கு லேபிளின் சிறிய எழுத்துகளைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.