11 டெம்ப்ளேட், ஒரு தொலைபேசி எண்

ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற எனக்கு ஒருமுறை அரை நாள் பிடித்தது. பாதியில் பொறுப்பெடுத்துக்கொண்ட இணையதளம் அது. முன்னால் பார்த்தவர்கள் புதுப் பக்கம் தேவைப்படும்போதெல்லாம் பழைய டெம்ப்ளேட்டை நகலெடுத்து, இரண்டு வரி மாற்றி, வேறு பெயரில் சேமித்து வைத்திருந்தார்கள். மொத்தம் 11. எல்லாவற்றின் அடியிலும் அதே எண் நேரடியாக எழுதப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும் எண்ணின் நடுவே இடைவெளி விட்டிருந்ததால் தேடலில் அது சிக்கவே இல்லை.

டெம்ப்ளேட் என்பது எதற்காக வந்ததோ, அதற்கு நேர் எதிரான வேலை இது. சிஎம்எஸ் எனப்படும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் ஒரு கட்டுரையின் தலைப்பு, உரை, தேதி எல்லாம் தரவுத்தளத்தில் தனித்தனியாக இருக்கும். தலைப்பு இங்கே வரும், படம் அதற்குக் கீழே வரும் என்று இடம் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும் கோப்புதான் டெம்ப்ளேட். ஒருவர் அந்தக் கட்டுரையின் முகவரியைத் திறக்கும்போது சர்வர் இரண்டையும் சேர்த்து ஹெச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்புகிறது, அல்லது முன்பே சேர்த்து கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கிறது.

சரி, எந்த டெம்ப்ளேட் என்று அது எப்படி முடிவு செய்கிறது? வேர்ட்பிரஸ் என்ற சிஎம்எஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 2003-இல் தொடங்கிய அதில் தீம்கள் (தளத்தின் தோற்றத்துக்கான டெம்ப்ளேட் தொகுப்புகள்) வந்தது 2005-இல், 1.5 பதிப்பில். அதன் பழைய பாணித் தீம்களில் ஒரு கட்டுரையைத் திறந்தால், அந்தக் கட்டுரைக்கென்றே கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் அந்த வகைக்கான கோப்பு, அப்புறம் 'சிங்கிள்' என்ற பொதுக் கோப்பு, அப்புறம் 'சிங்குலர்', எதுவுமே கிடைக்காவிட்டால் 'இண்டெக்ஸ்'. தேடல் குறிப்பானதிலிருந்து பொதுவானதை நோக்கிப் போகிறது. நாம் எழுதும்போது எதிர்த் திசையில் வர வேண்டும்: முதலில் ஒரே ஒரு பொது டெம்ப்ளேட், அது உண்மையிலேயே போதாத இடத்தில் மட்டும் அடுத்தது.

எல்லாப் பக்கத்திலும் வரும் ஹெட்டர் (மேல்பகுதி), ஃபூட்டர் (அடிப்பகுதி) இரண்டையும் வெளியே எடுத்துத் தனிக் கோப்பாக வைப்பது அடுத்த படி. வேர்ட்பிரஸ்ஸின் அந்தப் பாணியில் ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் மேலே ஹெட்டரையும் கீழே ஃபூட்டரையும் அழைக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஹெட்டர் கோப்பில் திறக்கும் ஹெச்டிஎம்எல் குறிச்சொல் ஃபூட்டர் கோப்பில்தான் மூடுகிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் திருத்தினால் பக்கம் மொத்தமாகச் சாய்ந்துவிடும். ட்ரூபல் இன்னொரு சிஎம்எஸ்; 2015-இல் வெளிவந்த அதன் 8-ஆம் பதிப்பு எடுத்துக்கொண்ட ட்விக் என்ற டெம்ப்ளேட் மொழியில் வேறு வழியும் இருக்கிறது: முழுச் சட்டகமும் ஒரே அடிப்படைக் கோப்பில் இருக்கும், அதில் பெயரிட்ட காலிப் பகுதிகள் இருக்கும், மற்ற டெம்ப்ளேட்டுகள் அதை நீட்டித்து தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் நிரப்பும். எனக்கு இதுதான் பிடிக்கும். திறப்பதும் மூடுவதும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் டெம்ப்ளேட் பழுதாவது பெரும்பாலும் இங்கெல்லாம் இல்லை, காலிப் புலங்களில்தான், அதாவது தலைப்பு, தேதி போன்ற விவரங்களை நிரப்பும் கட்டங்கள் காலியாக இருக்கும்போதுதான். நிகழ்ச்சிகளுக்கான டெம்ப்ளேட்டில் 'இடம்:' என்று எழுதி, பக்கத்தில் புலத்தின் மதிப்பைக் காட்டச் சொல்கிறோம். இணையவழி நிகழ்ச்சி ஒன்றுக்கு யாரும் இடத்தை நிரப்ப மாட்டார்கள். பக்கத்தில் 'இடம்:' என்ற சொல் மட்டும் அநாதையாக நிற்கும். மதிப்பை மட்டும் நிபந்தனைக்குள் வைத்தால் போதாது, அந்தச் சொல்லையும் சுற்றியுள்ள பெட்டியையும் சேர்த்து உள்ளே வைக்க வேண்டும். அதனால் எந்த டெம்ப்ளேட்டையும் முடித்தவுடன் நான் மூன்று பக்கங்களில் சோதிப்பேன்: எல்லாம் நிரப்பியது, தலைப்பு மட்டும் உள்ளது, அப்புறம் தலைப்பு மூன்று வரிக்கு ஓடுவது. தமிழில் சொற்கள் சேர்ந்து நீண்டுவிடுவதால் கைபேசித் திரையில் ஒரே சொல் ஓரத்தைத் தாண்டிப் போவது சாதாரணம், அதை உடைத்து மடக்கச் சொல்லி பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று, புலத்தில் இருப்பதை அப்படியே அச்சிடக் கூடாது. யாராவது அதில் ஸ்கிரிப்ட், அதாவது நிரல், எழுதி வைத்தால் அது படிப்பவரின் பிரவுசரில் ஓடிவிடும். ட்ரூபலில் ட்விக் இதைத் தானாகவே வடிகட்டுகிறது. வேர்ட்பிரஸ்ஸில் பிஹெச்பி என்ற நிரல்மொழியில் டெம்ப்ளேட் எழுதினால் அதற்கான செயல்கூறை நாமே அழைக்க வேண்டும், மறக்கவே கூடாது.

எப்போது புது டெம்ப்ளேட்? நிறம் மட்டும் மாறினால் வேண்டாம், ஒரு சிஎஸ்எஸ் வகுப்பு போதும். பக்கத்தின் எலும்புக்கூடே மாறினால் வேண்டும். ஒரே கோப்புக்குள் 'இந்த வகையானால் இப்படி, அந்த வகையானால் அப்படி' என்று நிபந்தனைகள் அடுக்கிக்கொண்டே போனாலும் பிரித்துவிடுங்கள், அடுத்தவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே முடியாது.

அந்த 11 டெம்ப்ளேட்டுகள் கடைசியில் 3 ஆயின. எண்ணை அமைப்புகள் பக்கத்தில் ஒரு புலமாக்கினேன். அடுத்த முறை அது மாறியபோது அலுவலகத்தில் இருந்தவரே மாற்றிவிட்டார். தளத்தைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.