கதையை முதலில் சொல்லுங்கள், படம் அப்புறம் வரட்டும்

‘மாயாபஜார்’ பார்த்த பிள்ளையிடம் அபிமன்யுவின் மனைவி யார் என்று கேட்டால், யோசிக்காமல் வத்சலா என்று சொல்லும். வியாச பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராட மன்னனின் மகள் உத்தரையை. பலராமன் மகள் வத்சலாவின் காதல், மக்கள் வாய்வழியாகவும் மேடை நாடகமாகவும் வளர்த்தெடுத்த கிளைக்கதை. 1957-இல் வந்த அந்தப் படம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. பிள்ளையின் பதில் தவறு என்று சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். “எந்த பாரதத்தில்?” என்று திருப்பிக் கேட்கவும் செய்யலாம். அப்படிக் கேட்டுப் பாருங்கள், ஒரு முழுப் பாடவேளையும் அந்தக் கேள்விக்குள்ளேயே ஓடிவிடும்.

ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம் நடத்துகிறேன். இதிகாசம், புராணம், நாட்டுப்புறக் கதை என எது பாடமாக வந்தாலும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் படமாகவோ கார்ட்டூனாகவோ ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். நாம் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் படம் அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் வகுப்பில் படம் காட்டலாமா கூடாதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எப்படிக் காட்டுகிறோம் என்பதில்தான் என் கவலை எல்லாம்.

இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆசிரியர் வரவில்லை என்றாலோ, தேர்வு முடிந்து பாடம் எதுவும் மீதியில்லை என்றாலோ ப்ரொஜெக்டரைப் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுகிறோம். மணி அடித்ததும் படம் பாதியில் நிற்கும். மீதியை இன்னொரு நாள் பார்ப்பார்கள், அல்லது பார்க்கவே மாட்டார்கள். அந்தப் படத்தைப் பற்றி வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அப்புறம் விடைத்தாளில் கதைக்குப் பதிலாகப் படத்தின் முடிவை எழுதினால் பிள்ளை மேல் என்ன தவறு இருக்கிறது?

கதையைக் காதால் கேட்கும்போது நாற்பது பிள்ளைகள் நாற்பது அரக்கர்களைக் கற்பனை செய்கிறார்கள். படத்தைப் பார்த்தபின் நாற்பது பேருக்கும் ஒரே அரக்கன்தான். படம் அவ்வளவு வலுவானது. அதனால் வரிசை முக்கியம். நான் முதலில் கதையைச் சொல்வேன், இல்லையென்றால் சேர்ந்து படிப்போம். திருப்பம் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்து வருபவர் எப்படி இருப்பார், எந்த இடம், என்ன சத்தம் கேட்கும் என்று எழுதவோ வரையவோ சொல்வேன். அதன்பிறகுதான் திரை. அதுவும் முழுப்படம் கிடையாது. பத்து நிமிடத்துக்குள் முடிகிற ஒரு காட்சி போதும். தங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிற பிள்ளைக்கு, திரையில் தெரிவது இயக்குநர் ஒருவரின் கற்பனை என்பது தானாகவே புரிந்துவிடுகிறது.

அதே காட்சியை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுவதும் உண்டு. இதில் கெட்டவர் யார், எப்படித் தெரிந்தது என்று கேட்பேன். பிறகு ஒலியோடு காட்டுவேன். ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இசை அவரைக் கெட்டவராக்கிவிடுவதைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். ஆடை, நிறம், உடல்வாகு, சிரிப்பு என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். இந்த இடத்தை நான் அவசரமாகக் கடப்பதில்லை. பல புராணப் படங்களில் அசுரன் என்றால் கறுத்த மேனி, பெருத்த உடம்பு. தேவர் என்றால் வெளுத்த முகம். அந்த அசுரனைப் போலக் கறுப்பாகவும் பருமனாகவும் இருக்கிற பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலிருப்பவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பதற்குள் இதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். ‘மாயாபஜார்’ இங்கேயும் கைகொடுக்கிறது. ரங்காராவின் கடோத்கஜன் ராட்சசன்தான், ஆனால் குழந்தைகள் அவனைக் கண்டு பயப்படுவதில்லை, அவன் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். இயக்குநர் என்னென்ன செய்து அப்படி ஆக்கினார் என்று தேடச் சொல்லலாம். பாரதக் கதையில் பாண்டவர்களையே திரையில் காட்டாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அதைவிடச் சுவாரசியமான தேடல்.

வெளிநாட்டுக் கதைகளில் வேறு வகை வாய்ப்பு கிடைக்கிறது. கிரேக்கத் தொன்மத்தில் ஹெராக்கிளஸ் என்ற வீரனை வாழ்நாள் முழுக்க விரட்டியவள், அவன் தந்தையும் தேவர்களின் அரசனுமான ஜீயஸின் மனைவி ஹீரா. அவன் தாய் அல்க்மீனி என்ற மானுடப் பெண். 1997-இல் வந்த டிஸ்னியின் கார்ட்டூன் படத்தில் ஹீராவே பாசமுள்ள தாய், பாதாளத்தின் தேவன் ஹேடிஸ் வில்லன். பழைய கதையில் ஹேடிஸ் அவனை விரட்டிய எதிரி அல்ல. தன் காவல் நாயை ஆயுதமில்லாமல் அடக்கினால் கொண்டுபோகலாம் என்று அனுமதி கொடுத்தவர். மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், சாவுக்கு அதிபதி என்றதும் பார்ப்பவர்கள் கெட்டவர் என்று நம்பிவிடுவார்கள் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். அல்க்மீனி ஏன் காணாமல் போனாள் என்பதற்கான முழுக் காரணத்தை ஆறாம் வகுப்பில் விளக்க வேண்டியதில்லை. “பழைய கதையில் அவன் அம்மா வேறொருத்தி, அதனால் ஹீராவுக்குக் கோபம்” என்பது அந்த வயதுக்குப் போதுமான உண்மை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் டேலோஸ். கிரீட் தீவைக் காத்த வெண்கல மனிதன். பொன் ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பலில் போன வீரன் ஜேசனைப் பற்றி அப்போலோனியஸ் எழுதிய பழைய கிரேக்கக் காவியத்தில், பயணம் முடிந்து திரும்பும் வழியில் ஜேசனோடு வரும் மந்திரக்காரி மெடியா தன் மந்திரத்தால் டேலோஸை வீழ்த்துகிறாள். ரே ஹாரிஹவுசன் பொம்மைகளை அசைத்து அசைத்து உயிர்கொடுத்த 1963-ஆம் ஆண்டுப் படத்தில், டேலோஸ் போகிற வழியிலேயே வந்துவிடுகிறான். குதிகாலில் இருக்கும் மூடியைத் திறந்து அவனைச் சாய்ப்பவன் ஜேசன். மெடியா அப்போது கதைக்குள்ளேயே வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோது ஒரு மாணவி எழுந்து, “அப்போ அவ செஞ்சதை இவன் பேர்ல எழுதிட்டாங்களா மிஸ்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அன்றைய வீட்டுப்பாடமாக அதையே கொடுத்துவிட்டேன்.

ஆண் வேடத்தில் போருக்குப் போன முலானின் கதையும் அப்படித்தான். பழைய சீனப் பாட்டு மிகச் சிறியது. மொழிபெயர்ப்பை ஒரே வகுப்பில் முழுக்க வாசித்துவிடலாம். அதில் பன்னிரண்டு ஆண்டுகள் கூடவே போரிட்ட தோழர்களுக்குக்கூட அவள் பெண் என்று தெரியாது. வீடு திரும்பிப் பழைய உடையை அணிந்துகொண்டு வெளியே வரும்போதுதான் அவர்கள் திகைக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு வந்த டிஸ்னி படத்தில் அவள் காயம்பட்டு, மாட்டிக்கொண்டு, படையிலிருந்து விரட்டப்பட்டு, மறுபடியும் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மாட்டிக்கொள்ளாவிட்டால் படத்தில் விறுவிறுப்பு இருக்காது என்று சிலர் வாதிடுவார்கள். பாட்டில் வருகிற முலானை யாரும் மன்னிக்க வேண்டியிருக்கவில்லையே என்று சிலர். இரண்டும் நல்ல வாதம்தான்.

இவ்வளவும் சொன்னபின் பிள்ளைகள் ஒரு தவறான முடிவுக்கு வரக்கூடும். மூலக்கதைதான் நிஜம், படம் போலி என்று. அதையும் கலைத்துவிட வேண்டும். நாட்டுப்புறக் கதைக்கு ஒற்றை மூலம் கிடையாது. சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு 1697-இல் பிரெஞ்சில் எழுதிய பெரோவிடமிருந்து வந்தது. கிரிம் சகோதரர்களிடம் அது தங்கச் செருப்பு. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனாவில் எழுதப்பட்ட யே ஷியென் கதையிலும் தங்கச் செருப்புதான். 1950-இல் வந்த டிஸ்னி படம் பெரோவைப் பின்பற்றியது, அவ்வளவுதான். பெரிய வகுப்பு என்றால் நம் கம்பரையே எடுக்கலாம். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணன் அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். கதையை மாற்றிச் சொல்வது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வேலை அல்ல என்பது அப்போது புரியும்.

இந்தக் கதைகளில் பல, சில பிள்ளைகளின் வீட்டில் வழிபாடு. “இது நிஜமா நடந்ததா?” என்று வகுப்பில் கேள்வி வரத்தான் செய்யும். அதற்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எந்த நூலில் எப்படி இருக்கிறது, படத்தில் எப்படி இருக்கிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் நம்பிக்கையை எந்தக் காட்சியை வைத்தும் கேலி செய்ய விடுவதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையில் வரும் பயமும் திரையில் வரும் பயமும் ஒன்றல்ல. கிரிம் கதையில் ஸ்னோ ஒயிட்டின் சிற்றன்னை, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாகும்வரை ஆட வேண்டும். இதைச் சொல்லும்போது குழந்தைகள் கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். ஏனென்றால் அந்தக் காட்சியின் அளவை அவர்கள் மனமே தீர்மானிக்கிறது, தாங்கமுடியாததை அது வரைந்துகொள்வதில்லை. திரைக்கு அந்தக் கருணை கிடையாது. குழந்தைக் கதைதானே என்ற தைரியத்தில் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். நீங்கள் முதலில் முழுக்கப் பாருங்கள். பிள்ளையோடு பார்க்கும்போது விளக்கை அணைக்காதீர்கள். கண்ணை மூடினால், காதைப் பொத்தினால், திடீரென்று தண்ணீர் வேண்டும் என்று எழுந்தால், நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அன்றைக்குப் படம் முடியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசிக் கட்டமாகப் பிள்ளைகளையே படமெடுக்கச் சொல்கிறேன். கேமரா இல்லையே என்று தயங்குகிற ஆசிரியர்களுக்கு லோட்டே ரைனிகரைத்தான் காட்டுவேன். கறுப்புக் காகிதத்தை வெட்டி, நிழலுருவங்களாக அசைத்து, 1926-இல் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை வைத்து முழுநீளப் படமே எடுத்தவர். நமக்கு அட்டை, கத்தரிக்கோல், ஒரு டார்ச், வெள்ளைத் துணி போதும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவந்த ஒரு கதையை ஐந்து நிமிட நிழலாட்டமாகச் சுருக்க வேண்டும். எதை விட்டோம், எதைச் சேர்த்தோம், ஏன் என்று குழுவாக ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதியை அந்தப் பக்கத்துக்குத்தான் கொடுக்கிறேன். பொம்மை அழகாக வரவில்லை என்பதற்காக யாருக்கும் குறைப்பதில்லை.