பல்பம் தின்னத் தோன்றுகிறதா?

அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சிலருக்குப் பல்பம், சிலருக்கு அடுப்புச் சாம்பல், இப்போது ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டி. கெட்ட பழக்கம் என்று திட்டுவோம். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் அடிக்கடி தென்படும் அறிகுறி இது. கூடவே தீராத அசதி, படியேறினால் மூச்சிரைப்பு.

சரி என்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் ஹீமோகுளோபின் 12.4. நார்மல்தான். அப்புறம் ஏன் அசதி?

நம் உடம்பில் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான். மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாகக் கிடக்கிறது. வரத்து குறைந்தால் உடம்பு நெல் குதிர் போன்ற இந்தச் சேமிப்பைச் சுரண்டித்தான் அன்றாட உலையை வைக்கும். குதிர் காலியான பிறகே ஹீமோகுளோபின் சரியும். அதனால் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும், அது ஒரு தொல்லை.

உடனே தினம் இரண்டு மாத்திரை போட்டால் சீக்கிரம் நிரம்பிவிடாது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு நுழையும் வாசலைச் சுமார் ஒரு நாளைக்கு ஒருக்களித்துச் சாத்திவிடும். அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி மலத்தோடுதான் போகும். வயிற்றைப் பிரட்டுவது மட்டும் மிச்சம். இரும்பு குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கே இரும்பு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. கர்ப்பிணிகளும் கடும் சோகை உள்ளவர்களும் இதை வைத்துத் தாங்களாக அளவை மாற்றக்கூடாது.

மாத்திரையை டீயோடு விழுங்குவது நம் ஊர் வழக்கம். டீயின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், டீ இரண்டு மணி நேரம் பொறுக்கட்டும். மலம் கறுத்தால் பயம் வேண்டாம்.

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விடக்கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் அசதி என்றால் பி12, தைராய்டு, சர்க்கரை பக்கம் பார்க்கலாம்.

ஹீமோகுளோபின் ஏறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்போதும் குதிர் காலிதான். அது நிரம்ப மேலும் மூன்று மாதமாவது போட வேண்டியிருக்கும்.