த்ரொட்லிங்: நெரிசலா, நெரிப்பா?

வீட்டு இணையம் மந்தமானால் வன்னியில் நாம் சொல்வது "நெற் இழுக்குதில்லை", "சுத்திக்கொண்டே நிக்குது", "ஸ்லோவாப் போச்சு" என்பவைதான். மூன்றிலும் எழுவாய் நெற். அது தானாகவே களைத்து, தானாகவே படுத்துவிட்டது என்ற தொனி. யாரோ ஒருவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்திருக்கலாம் என்பதற்கு இந்தப் பேச்சில் இடமே இல்லை. ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது: த்ரொட்லிங். இணையச் சேவை தரும் நிறுவனம் ஒரு வாடிக்கையாளரின் வேகத்தையோ, யூடியூப் போன்ற ஒரு சேவையின் வேகத்தையோ தானே முடிவெடுத்துக் குறைப்பதற்கு அந்தப் பெயர். பெரும்பாலும் அகப்படுபவர்கள் டேட்டாவை அதிகம் இழுப்பவர்கள்.

அதிகம் இழுப்பவர் என்றதும் இரவிரவாகப் படம் இறக்கும் பொடியன் ஒருவன் நினைவுக்கு வருவான். அவனும் உண்டுதான். ஆனால் கிளிநொச்சியில் ஒரு சாதாரண வீட்டை எடுங்கள். மூத்தவளுக்குச் சூமில் ரியூசன், சின்னவனுக்குக் கார்ட்டூன், அம்மாவுக்கு ரொறன்ரோவில் இருக்கும் தங்கையோடு வட்ஸ்அப் வீடியோ, அப்பாவுக்குச் செய்தி. எல்லாம் ஒரு ரவுட்டரில், பெரும்பாலும் இரவு ஏழு மணிக்குப் பிறகு. மாதம் முடியுமுன் இந்த வீடும் "அதிகம் இழுப்பவர்" பட்டியலில் ஏறிவிடும். கோயில் திருவிழாவை வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நேரலையில் விடும் வீடியோக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சொல் பிறந்தது தொண்டையில். ஆங்கிலத்தில் தொண்டைக்கு த்ரோட். அதிலிருந்து வந்த த்ரொட்டில் என்ற வினைக்கு முதற்பொருள், தொண்டையைப் பிடித்து மூச்சை அடைப்பது. பல நூற்றாண்டுகளாக அந்தக் கொலைப்பொருளில்தான் வழங்கியது. நீராவி இயந்திரம் வந்தபோது, கொதிகலனிலிருந்து போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் வால்வுக்கு அதே சொல்லைப் பெயராக வைத்தார்கள். ஜேம்ஸ் வாட் 1788-இல் தன் இயந்திரத்தின் வேகம் தறிகெட்டுப் போகாமலிருக்கச் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினாரே, அவை இயக்கியது இந்த வால்வைத்தான். அப்புறம் பெட்ரோல் எஞ்சினுக்கு வந்தது. அங்கிருந்து மோட்டார் சைக்கிளின் வலக்கைப் பிடிக்கு. சூடேறிய கணினிச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதற்கும் இன்று அதே பெயர்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. மோட்டார் சைக்கிள்காரருக்கு த்ரொட்டில் என்றால் முறுக்கிப் பறப்பது. இணையத்தில் அதே சொல்லுக்குப் பறப்பவரை இழுத்துப் பிடிப்பது என்று பொருள். வால்வு ஒன்றுதான், ஒருவர் திறக்கும் பக்கத்தைச் சொல்கிறார், மற்றவர் மூடும் பக்கத்தை. ஏ9 வீதியில் முழு முறுக்கில் போகும் பொடியனிடம் "உன்னை த்ரொட்டில் செய்கிறார்கள்" என்றால் பாராட்டு என்றே நினைப்பான்.

இணையத்தில் மூடுவதற்கு வால்வு ஏதும் இல்லை. நிறுவனத்தின் கருவியில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது. டோக்கன் வாளி என்று அதைச் சொல்வார்கள். நொடிக்கு இத்தனை என்று வாளிக்குள் டோக்கன் விழும். இணையத்தில் தரவு சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், துண்டு ஒன்றுக்குப் பெயர் பொதி. ஒவ்வொரு பொதியும் தன் அளவுக்கேற்ற டோக்கனை எடுத்துக்கொண்டுதான் தாண்டலாம். டோக்கன் விழும் வேகத்தைக் குறைத்தால் போதும், வேலை முடிந்தது. டோக்கன் கிடைக்காத பொதியை வரிசையில் காக்கவைப்பது ஒரு முறை. எடுத்து எறிந்துவிடுவது இன்னொரு முறை.

எறிவதில்தான் சங்கதி இருக்கிறது. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் அருகிலேயே இருக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. எல்லாரும் ஒரேயடியாக அனுப்பியதால் வந்த நெரிசல். அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு வழி சொன்னார்: அனுப்பிய பொதி தொலைந்தால், வழியில் நெரிசல் என்று அனுப்பும் கணினி எடுத்துக்கொண்டு தானே வேகத்தைக் குறைக்கவேண்டும். இன்றும் இணையத்தின் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் அந்த நாகரிகத்தை வைத்துத்தான் ஓடுகிறது. ஆகவே நிறுவனம் ஒரு பொதியை வேண்டுமென்றே எறிந்தாலும், அந்தப் பக்கத்துக் கணினி அதை நெரிசல் என்றே நம்பி ஒதுங்கி நிற்கும். நமக்குத் திரையில் தெரிவதும் அதே சுற்றும் வட்டம்தான்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? வேகக் கட்டுப்பாடு என்றால் பாடசாலைக்கு முன்னால் வீதியோரம் நிற்கும் பலகை நினைவுக்கு வருகிறது. அது எல்லா வாகனத்துக்கும் ஒரே விதி. இங்கே நடப்பது அப்படியில்லை. வேகக் குறைப்பு எல்லாருக்கும் விளங்கும். ஆனால் சாரதியும் வேகத்தைக் குறைப்பார், மழையும் குறைக்கும். இலங்கையில் அலுவலகக் கடிதங்களுக்குப் பழகிய சொல் மட்டுப்படுத்தல். நல்ல சொல்தான். மட்டு என்றால் அளவு. காய்ச்சல் மட்டுப்பட்டது என்கிறோம், தூரத்தில் வருபவரை மட்டுக்கட்டுகிறோம். அதன் மென்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல் மட்டுப்பட்டால் வீட்டில் சந்தோசம். "உங்கள் வேகம் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தி வந்தால் ஏதோ நன்மை செய்துவிட்டது போல ஒலிக்கிறது. செய்தவர் யார் என்பதும் அந்த வாக்கியத்தில் இல்லை. ஒப்பந்தத் தாளில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

என் தெரிவு நெரிப்பு. விரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் வேக நெரிப்பு. ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் கழுத்தை நினைவூட்டுகிறது என்பது தற்செயலான வசதி. அதைவிடப் பெரிய காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. நெரி என்ற ஒரே வேரிலிருந்து இரண்டு வினைகள் வருகின்றன. நெரிதல் தன்வினை: நசுங்குவது, நெருக்குண்பது. வற்றாப்பளைப் பொங்கலிலும் மடுத் திருவிழாவிலும் நாம் படும் சனநெரிசல் அதன் பிள்ளை. நெரித்தல் பிறவினை: ஒருவர் இன்னொருவரைச் செய்வது. கயிலையைப் பெயர்க்கப்போன இலங்கை வேந்தன் சிவனின் கால்விரலுக்கடியில் நசுங்கியதைத் தேவாரம் திரும்பத் திரும்பப் பாடுகிறது. அங்கே அவன் நெரிந்தான் என்றால் அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். சிவன் நெரித்தார் என்றால் விரல் யாருடையது என்பதும் வந்துவிடுகிறது.

இணையத்துக்கும் இந்த இரண்டுமே வேண்டும். ஒரு கைபேசிக் கோபுரத்தில் ஆட்கள் கூடி எல்லாருக்கும் வேகம் குறைந்தால் அது நெரிசல். ஒருவருக்கு மட்டும் குறைக்கப்பட்டால் நெரிப்பு. ஆங்கிலத்தில் இவை உறவில்லாத இரண்டு சொற்கள். தமிழில் அண்ணன் தம்பி. முகச்சாயல் ஒன்று, ஆள் வேறு.

நிறுவனங்கள் சொல்லும் நியாயமும் இந்த இரண்டையும் சேர்த்தே வருகிறது: நெரிசலைத் தவிர்க்கத்தான் நெரிக்கிறோம். அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். வன்னியில் கைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழுந்தது 2009-இல் போர் முடிந்த பிறகுதான். கண்ணாடி இழை இணைப்பு எட்டாத ஊர்களில் வீட்டு ரவுட்டரும் அதே கோபுரத்தை நம்பித்தான் இருக்கிறது. கோபுரத்தின் கொள்ளளவு அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பொது. நாலு பேர் எந்நேரமும் இழுத்தால் ஐந்தாவது வீட்டில் படம் நின்று நின்றுதான் ஓடும்.

வயற்காரருக்கு இது புதிதல்ல. சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் போதாதென்றால், இரணைமடுவானாலும் முத்தையன்கட்டானாலும் கூட்டம் கூடும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகும், வாய்க்காலுக்கு முறை வைப்பார்கள். துருசை யார் அடைப்பது, எப்போது திறப்பது என்பது ஊருக்கே தெரியும். மனக்குறை இருந்தால் கூட்டத்திலேயே சண்டை பிடிக்கலாம். இணையத்தில் அந்தக் கூட்டம் நம்மை அழைத்து நடப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. மாத அளவு முடிந்ததற்காக நெரிக்கப்பட்ட இணைப்பு, கோபுரத்தில் ஆளே இல்லாத அதிகாலை மூன்று மணிக்கும் நெரிபட்டே கிடக்கும். குளம் வான் பாயும்போதும் ஒரு காணிக்கு மட்டும் துருசு திறவாத கதை. அந்நேரத்தில் தவிர்ப்பதற்கு நெரிசலே இல்லையே. அளவு முடிந்ததும் நெரிப்பது பெரும்பாலும் அடுத்த பக்கேஜை வாங்கவைக்கும் வியாபாரம் என்பதே என் எண்ணம்.

இந்தச் சொல் வழக்குமன்றம் வரை போனது அமெரிக்காவில். 2007-இல் கொம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரென்ட் வழியாகக் கோப்புப் பகிர்ந்தவர்களின் இணைப்பில் தலையிடுவது வெளிவந்தது. அது வெறும் நெரிப்பும் இல்லை. இரண்டு கணினிகளுக்கும் நடுவில் புகுந்து, "பேச்சை முடித்துக்கொள்வோம்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னதுபோலப் போலிப் பொதி அனுப்பியது. 2008-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. 2010-இல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவை நீக்கிவிட்டது. ஏடி அண்ட் டீ நிறுவனம் அளவற்றது என்று விற்ற இணைப்புகளை நெரித்ததற்காக 2019-இல் 6 கோடி டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் மோசமானது 2018-இல் கலிபோர்னியாவில் நடந்தது. மென்டசினோ காட்டுத்தீயை அணைக்கப்போன சாந்தா கிளாரா தீயணைப்புப் படையின் கட்டளை வண்டியில் இருந்த வெரிசொன் இணைப்பு, அளவு தாண்டியதென்று நெரிக்கப்பட்டது. வேகம் 200-இல் ஒரு பங்காகிவிட்டதாகப் படைத் தலைவர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் சொன்னார். அதுவும் "அளவற்ற" திட்டம்தான். தவறு நடந்தது என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது.

அளவற்றது என்ற சொல்லை இங்கேயும் நம்பிவிடக்கூடாது. அதன் கீழே பொடி எழுத்தில் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்று ஒன்று இருக்கும். எத்தனை ஜிபி வரை நியாயம் என்பதை நிறுவனமே எழுதிக்கொள்ளும். எனிடைம், நைட் என்று டேட்டாவை இரண்டாகப் பிரித்த பக்கேஜ்களும் நமக்குப் பழக்கம். அளவு முடிந்ததும் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிடும் இணைப்புகளையும் பலர் கண்டிருப்பார்கள். 64 கிலோபிட் என்றால் 8 கிலோபைட். 3 மெகாபைட் படம் ஒன்று வர ஆறு நிமிடத்துக்கு மேலாகும். ஒரு ஜிபி இறங்க ஒன்றரை நாளுக்குக் கிட்டப் பிடிக்கும். இணைப்பு அறுபடவில்லை என்று சொல்லிக்கொள்ள மட்டும் அது உதவும்.

நெரிசலா, நெரிப்பா என்று வீட்டிலேயே ஓரளவு மட்டுக்கட்டலாம். இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, விடியப்புறம் ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். விடியப்புறம் நன்றாக ஓடினால் நெரிசல். எந்நேரமும் ஒரே குறைந்த எண்ணில், கோடு போட்டதுபோல நின்றால் நெரிப்பு. மற்றதெல்லாம் ஓடி யூடியூப் மட்டும் திணறினால், பொதிக்குள் இருப்பது நிறுவனத்துக்குத் தெரியாமல் மூடி அனுப்பும் வீபீஎன் போட்டுப் பாருங்கள். அதற்குள் போனதும் சரியாகிவிட்டால், பொதிக்குள் இருப்பது எந்தச் சேவை என்று பார்த்து நெரிக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுக்கும். மாத அளவுக்காக நெரித்திருந்தால் வீபீஎன் ஒன்றும் செய்யாது. வேகம் அளக்கும் தளங்களை மட்டும் நெரிக்காமல் விடுவது நிறுவனத்தால் முடிகிற காரியம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் தொடங்கிய ஃபாஸ்ட் தளம் தன் வீடியோ வரும் வழியிலேயே வேகத்தை அளப்பது அதனால்தான் பயனுள்ளது. வீடியோவை நெரித்தால் அந்த எண்ணும் சேர்ந்து விழும்.

இதோடு கலந்துவிடக்கூடாத சொற்கள் இரண்டு: தடை, முடக்கம். 2022 ஏப்ரலில் இலங்கையில் சமூக வலைத்தளங்களை மூடியது தடை. இணையத்தையே நிறுத்திவிட்டால் முடக்கம். நெரிப்பில் எதுவும் மூடப்படுவதில்லை. அதனால்தான் முறைப்பாடு செய்வதும் கடினம். "இணைப்பு வேலை செய்கிறதே" என்று மறுமுனையில் ஒரு பதில் தயாராக இருக்கும்.

கூட்டுச்சொற்களும் இலகுவாக வருகின்றன. எந்த அளவைத் தாண்டினால் நெரிப்பார்களோ அது நெரிப்பு எல்லை. அதன் பிறகு கிடைப்பது நெரிப்பு வேகம். புதிதாக பக்கேஜ் எடுப்பவர் முகவரிடம் இந்த இரண்டு எண்களையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். அவர் முழித்தால் த்ரொட்லிங் என்றே கேளுங்கள்; காரியம் ஆகவேண்டுமே.