புழு இருந்தால் கெட்ட தண்ணீரா?

ஆற்றுப் பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரம் பார்க்கிற களப்பணிக்கு இந்த முறை நடந்த வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஐந்தாவதாக வந்த பையனும் அதையேதான் சொன்னான்: "தண்ணியில புழு இருந்துச்சு மேடம், அதனால கெட்ட தண்ணி." மூன்றாம் ஆண்டு விலங்கியல். இத்தனை நாள் நான் என்னதான் நடத்தினேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

புழு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் புழு? அதைச் சொல்லுங்கள். சிறுமலை அடிவாரத்தில், குட்லாடம்பட்டிப் பக்கம் ஓடை ஓடும்போது ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இருபுறமும் செவுள் படபடக்க ஒன்று நகரும். மேஃப்ளை என்கிற பறக்கும் பூச்சியின் இளம்பருவம். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் இதுவும் ஒன்று. மதுரைக்குள் வைகையில், சாக்கடை கலக்கிற இடத்துச் சேற்றை வெள்ளை ட்ரேயில் கொட்டிப் பாருங்கள். சிவப்பாக நெளிகிற ரத்தப் புழுதான், கொசு மாதிரி இருக்கிற ஒரு பூச்சியின் லார்வா. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் அந்தச் சேற்றிலும் பிழைக்கிறது. எந்தப் பூச்சிக் குடும்பம் சுத்தமான தண்ணீரைக் காட்டுகிறது என்று மதிப்பெண் போடுகிற பி.எம்.டபிள்யூ.பி. அட்டவணையில் அந்தத் தட்டை மேஃப்ளைக் குடும்பத்துக்கு 10 மதிப்பெண், ரத்தப் புழுவுக்கு 2. இரண்டையும் 'புழு' என்று ஒரே வரியில் எழுதினால் ஆற்றுக்குப் போனதே வீண்.

'தெளிவா இருக்கு, அப்ப நல்ல தண்ணி' என்பது இதன் கூடப்பிறந்தது. பூச்சிக்கொல்லி கலந்த தண்ணீரும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். தண்ணீரில் முக்கி அளக்கிற மீட்டர் அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும்; மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிற பூச்சிக்கு அது தெரியும்.

(கல்லைக் காலால் கலக்கிப் பூச்சி பிடிக்கிற வலையான கிக் நெட் வாங்கப் பில் போட்டேன். 'மீன்வலை எதற்கு?' என்று திரும்பி வந்தது. கொசுவலையை மூங்கிலில் தைத்துக்கொண்டோம். பொடிசுகள் நழுவும், பாதகமில்லை.)

சரி, ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். மலைப் பக்கம் இடி இடித்தாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ வலையை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். வலை இன்னொன்று தைக்கலாம். ஊருக்குள் பூட்ஸ், கையுறை இல்லாமல் கூடவே கூடாது. காலில் புண் இருக்கிறவர்கள் கரையில் உட்கார்ந்து எண்ணுங்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். ஆல்கஹாலில் போட வகைக்கு இரண்டு போதும், மீதியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கேடிஸ் பூச்சியின் லார்வா மணல்மணியாக ஒட்டிக் கட்டிய கூட்டை, உள்ளே என்ன என்று பிய்த்துப் பார்க்காதீர்கள்.

வெறும் 'புழு' என்று எழுதிய ரெகார்டில் இனி கையெழுத்துப் போட மாட்டேன்.