கோப்பன்பெர்க் ஏற்றத்தில் சைக்கிள் ஏன் நின்றுபோகிறது?

பெல்ஜியத்தின் அவுடனார்டே நகரை ஒட்டிய மெல்டனில் இருக்கிறது கோப்பன்பெர்க். கல் பாவிய ஒடுங்கிய பாதை. மொத்தமே 600 மீட்டர்தான். சராசரி ஏற்றம் 11.6 விழுக்காடு (அதாவது நூறு மீட்டருக்கு 11.6 மீட்டர் உயர்வு), மிகச் செங்குத்தான இடத்தில் 22. 'டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ்' சைக்கிள் பந்தயத்தில் இது 1976இல் சேர்க்கப்பட்டது. மழை பெய்துவிட்டால், தொழில்முறை வீரர்களே இங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.

கால் ஓய்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு ஒத்துவராது. வீரரும் சைக்கிளும் சேர்ந்து 83 கிலோ என்று கொள்வோம். 22 விழுக்காட்டு ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுப்பது சுமார் 175 நியூட்டன். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 490 வாட் வேண்டும். கல்லில் குலுங்கி வீணாவதையும் சேர்த்தால் 500ஐத் தாண்டும். குறுகிய அந்தத் துண்டுக்கு அவர்களால் இதைத் தர முடியும்.

சிக்கல் வேகம் குறைவதில் இருக்கிறது. 10 கி.மீ. வேகத்தில் இருக்கும் இயக்க ஆற்றல் 40 செ.மீ. உயரம் ஏறத்தான் போதும். மிதிப்பது நின்றால் 1.8 மீட்டருக்குள், 1.3 நொடியில், சைக்கிள் நின்றுவிடும். அடிவாரத்தில் 30 கி.மீ. வேகத்தோடு பாய்ந்து வந்தாலும் அந்த வேகம் மூன்றரை மீட்டர் உயரத்திலேயே தீர்ந்துவிடும். பின்சக்கரம் இரண்டு மிதிக்கு வெறுமனே சுழன்றால் கதை முடிந்தது.

அது ஏன் சுழல்கிறது? மிதிக்கும் விசை சீரானதல்ல. ஒவ்வொரு மிதியின் உச்சத்திலும் அது சராசரியைப் போல இருமடங்கு வரை போகும், அதாவது 350 நியூட்டன். இருக்கையில் அமர்ந்திருந்தால் எடையில் சுமார் 84 விழுக்காடு பின்சக்கரத்தில் விழும். வழுக்காமல் இருக்க 0.52 உராய்வுக் கெழு (சக்கரத்தில் விழும் பாரத்தில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கிறது என்ற எண்) போதும். எழுந்து நின்று ஹேண்டில்பார்மேல் சாய்ந்தால் பின்சக்கரத்துக்கு 58 விழுக்காடுதான் மிஞ்சும், தேவை 0.76 ஆகிவிடும். சேறு படிந்த ஈரக்கல் அவ்வளவு பிடி தராது. அதற்காக மிகவும் பின்னால் போனால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஆகவே இருக்கையின் முன்நுனியில் அமர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்தி ஏறுகிறார்கள்.

கியரும் உதவுகிறது. முன்னால் 42, பின்னால் 24 பல் என்றால் 10 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் ஒரு குத்து. 36, 34 என்றால் 75 சுற்று. விசை பரவலாகி, உச்சம் தணிகிறது. ஆனால் கியரை அடிவாரத்திலேயே மாற்றியாக வேண்டும். முழு பாரத்தில் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். டயர் இன்று 28 முதல் 32 மி.மீ. அகலம், காற்று சற்றுக் குறைவாக இருந்தால் கல்லின் மேடுபள்ளத்தோடு ஒட்டி உருளும், கெட்டியாக அடைத்தால் துள்ளும். துள்ளும் கணத்தில் பிடி பூஜ்யம்.

இத்தனையும் சரியாக இருந்தும் முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் வருபவர்களும் நிற்க வேண்டியதுதான், ஒதுங்க இடமில்லை. அதனால்தான் ஏற்றத்துக்கு முந்தைய சமதளத்தில் முதல் பத்து இடங்களுக்கு அப்படி முட்டிமோதுகிறார்கள். 1987இல் தனியாக முன்னணியில் இருந்த டென்மார்க் வீரர் யெஸ்பர் ஸ்கிபி இங்கே விழுந்தார். பின்னால் வந்த பந்தய அதிகாரியின் கார் அவருடைய சைக்கிள்மேல் ஏறிச் சென்றது. அதன்பின் 2002 வரை இந்த ஏற்றமே பந்தயத்தில் இல்லை. 2024இல் மழையில், முடிவுக்கு ஏறத்தாழ 45 கி.மீ. முன்னால், மாத்தியூ வான் டெர் போல் இங்கே பாய்ந்து பிரிந்து வென்றார். பின்னால் பெரும்பாலோர் நடந்தார்கள்.

நடப்பதும் சுலபமில்லை. பந்தயக் காலணியின் அடி வழவழப்பான கார்பன். அதில் பெடலில் மாட்டும் கட்டை துருத்திக்கொண்டிருக்கும். ஈரக்கல்லில் டயரைவிட அது மோசமாக வழுக்கும். மறுபடி ஏறி மிதிக்கலாம் என்றால், ஒரு காலை மாட்டி உந்தி மறுகாலை மாட்டுவதற்குள் அந்த 1.3 நொடி கடந்துவிடும். எனவே ஏற்றம் தணியும் இடம்வரை தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஏறி உட்காருகிறார்கள்.